பொரித்த எண்ணெய் எடுக்க வரும் வண்டி: மண்டபத்திலிருந்து ஒரு விமர்சனம்

மண்டபத்தில் மெயின் ரோட்டு ஓரம் மீன் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். பொரித்து மிஞ்சுகிற எண்ணெயை எடுக்க இப்போது ஒரு கம்பெனி வண்டி வருகிறது. கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் "எப்படி, நம்பிக் கொடுக்கலாமா" என்று கேட்பதால் எழுதுகிறேன்.

வேலை சுத்தம். போன் போட்டால் வந்துவிடுகிறார்கள், மூடி போட்ட கேன் அவர்களே தருகிறார்கள், எடை போட்ட கையோடு பணம். விலை மட்டும், இதே எண்ணெயை வாங்கி மறுபடி வடை சுடுகிறவர்கள் தருவதைவிடக் கம்மி. இருந்தாலும் அவர்களுக்குக் கொடுக்காதீர்கள், கடைசியில் அது ஏதோ ஒரு பிள்ளையின் வயிற்றுக்குத்தான் போகும். எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் எண்ணெய் கெட்டு உண்டாகும் பொருட்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று 2018 ஜூலையிலிருந்தே விதி இருக்கிறது.

வண்டியில் வரும் தம்பி, "அக்கா, இது பிளேனுக்குப் போகுது, இதுல புகையே வராது" என்று எல்லாக் கடையிலும் சொல்கிறார். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிற பகுதி இது, பிளேன் என்றதும் ஆர்வமாகக் கேட்கிறார்கள். ஆனால் அவர் சொல்வது தப்பு. இந்த எண்ணெயில் செய்த எரிபொருளை எரித்தாலும் இன்ஜினிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய பழைய அளவுதான். லாபம் எங்கே என்றால், அந்தக் கார்பன் செடி காற்றிலிருந்து இழுத்தது, பூமிக்கடியிலிருந்து புதிதாகத் தோண்டி எடுத்தது இல்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, தயாரிப்பதிலிருந்து எரிப்பது வரை சேர்த்துக் கணக்குப் போடுகிறது: சாதாரண ஜெட் எரிபொருள் ஒரு மெகாஜூல் சக்தி தர வெளிவிடுவது 89 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், பழைய சமையல் எண்ணெயில் செய்தது 13.9 கிராம். கரித்துகள் நிஜமாகவே குறைகிறது. நாசா வானத்திலேயே அளந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், தாவர எண்ணெய் எரிபொருளைப் பாதிக்குப் பாதி கலந்தபோது துகள்கள் 50 முதல் 70 சதவீதம் குறைந்திருந்தன.

இப்போது என் குறைக்கு வருகிறேன். அந்த 13.9 கழிவு எண்ணெய்க்கு மட்டும்தான். புதுப் பாமாயிலில் செய்தால், விவசாயத்துக்காக நிலம் மாறுவதையும் சேர்த்து 76.5 ஆகிறது, பாமாயில் ஆலைக் கழிவுநீரிலிருந்து கிளம்பும், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவைப் பிடிக்காமல் விட்டால் 99.1, அதாவது சாதாரண ஜெட் எரிபொருளையே மிஞ்சிவிடும்! புது எண்ணெயைப் பழசு என்று யாராவது கலந்துவிட்டால் மொத்தக் கணக்கும் பொய். அதற்காகத்தான் ஐ.எஸ்.சி.சி. என்ற, எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று சரிபார்க்கும் சர்வதேசச் சான்று முறையில் எண்ணெய் கொடுக்கிற கடையே "இது பொரித்த எண்ணெய்தான்" என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். எங்களிடம் அப்படி எதுவும் வாங்கவில்லை, எந்த ஆலைக்குப் போகிறது என்று கேட்டாலும் "மெட்ராஸ் பக்கம்" என்பதோடு சரி. ஹரியானாவில் இருக்கும் இந்தியன் ஆயிலின் பானிபட் ஆலை 2025இல் இதே எண்ணெயில் விமான எரிபொருள் செய்யச் சான்று வாங்கியிருக்கிறது, 2027இலிருந்து வெளிநாட்டுக்குப் பறக்கும் விமானங்களில் இந்த மாதிரி எரிபொருளை 1 சதவீதம் கலப்பது அரசின் இலக்கு. எங்கள் எண்ணெய் அங்கே போகிறதா, லாரிக்கு பயோடீசலாகப் போகிறதா? பயோடீசல் ஆனாலும் எனக்குச் சம்மதம்தான், ஆனால் எது என்று எழுதித் தரட்டும்.

ஐந்துக்கு மூன்று. கூப்பிடுங்கள், கூடவே எண்ணெய் எங்கே போகிறது என்று எழுதிய சீட்டையும் விடாமல் கேளுங்கள், பத்துக் கடை கேட்டால் தந்துதான் ஆக வேண்டும். அப்புறம், மசாலாத் தூளை நன்றாக வடிகட்டி ஊற்றுங்கள், ஐப்பசி கார்த்திகையில் கேனை வெளியே வைக்காதீர்கள். தண்ணீர் சேர்ந்தால் எடையில் கழித்துவிடுகிறார்கள்.