எழும்பூர் கிர்க்: உறைக்கிணறுகளின் மேல் நிற்கும் ஆலயம்

நகரியிலிருந்து சென்னைக்கு வரும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எழும்பூர் என்றால் கண் ஆஸ்பத்திரிதான் முதலில் நினைவுக்கு வரும். சித்தப்பாவின் கண் சிகிச்சைக்காக வந்து தங்கிய நாங்கள், ஞாயிறு ஆராதனைக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் மரங்களுக்கு மேலே உயர்ந்து தெரிந்த வெள்ளைக் கோபுரத்தை நோக்கி நடந்தோம். அதுதான் ஸ்காட்லாந்து திருச்சபையாருக்காகக் கட்டப்பட்டு 1821இல் திறக்கப்பட்ட பரிசுத்த அந்திரேயா ஆலயம். ‘கிர்க்’ என்றால் ஸ்காட்லாந்துக்காரர் பேச்சில் கோயில் என்று பொருள்.

சித்தப்பா நாற்பது ஆண்டுகள் கிணறு வெட்டும் மேஸ்திரியாக இருந்தவர். ஆலயத்தின் அழகை விட அதன் அஸ்திவாரமே அவரைப் பிடித்துக்கொண்டது. இந்த இடம் களிமண் பூமி. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும். அதனால், கட்டிய பொறியாளர் தாமஸ் டி ஹாவிலாண்ட், நம் ஊர்களில் உறைக்கிணறு இறக்கும் முறையையே கையாண்டு, 14 அடி முதல் 50 அடி ஆழம் வரை ஏராளமான கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் இவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றினார். “உறை இறக்கத் தெரிஞ்சவன் நம்ம ஆளாத்தான் இருந்திருப்பான்பா” என்றார் சித்தப்பா. அந்த வேலையாட்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் என் கண்ணில் படவில்லை; பட்டிருந்தால் மிகவும் மகிழ்ந்திருப்பேன்.

உள்ளே நுழைந்ததும் தலை தானாக நிமிர்கிறது. 81½ அடி விட்டமுள்ள வட்ட மண்டபத்தின் நடுவே, 16 தூண்கள் தாங்கும் ஆழ்ந்த நீலக் குவிமாடத்தில் பொன் நட்சத்திரங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. தூண்களில் பூசி மெருகேற்றிய சுண்ணாம்புச் சாந்து சலவைக்கல்லைப் போலவே பளபளக்கிறது. லண்டன் புனித மார்ட்டின் ஆலயத்துக்காகக் கட்டடக்கலைஞர் ஜேம்ஸ் கிப்ஸ் முதலில் வரைந்தது இத்தகைய வட்ட வடிவத்தைத்தான்; அங்கே செலவு கருதிக் கைவிடப்பட்ட எண்ணம், நூறு ஆண்டுகள் கழித்து எழும்பூரில் உருப்பெற்றது. பேராயர்கள் இல்லாமல் மூப்பர்கள் கூடி நடத்தும் சபைக்கு, எல்லோரும் ஒரே வட்டத்துக்குள் அமர்ந்து வசனம் கேட்கும் இந்த அமைப்பு மிகப் பொருத்தம் என்பது என் கருத்து. வெளித்தோற்றத்தில் மட்டும் ஒரு குறை சொல்வேன்: 166 அடிக்கு மேல் உயர்ந்த கூர்ங்கோபுரம், பின்னால் தாழ்ந்திருக்கும் குவிமாடத்தை மறைத்துவிடுகிறது.

இந்தச் சபையின் உண்மையான தடம் கட்டடத்தோடு நிற்கவில்லை. இதன் குருமார் எழும்பூரில் தொடங்கிய சிறு பள்ளியை 1837இல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் ஏற்று நடத்தினார். அதிலிருந்து வளர்ந்ததே, சரியாக நூறு ஆண்டுகளில் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. 1843இல் ஸ்காட்லாந்தில் சபை இரண்டாகப் பிரிந்தபோது ஆண்டர்சனும் உடன் ஊழியர்களும் பிரிந்து சென்ற சுதந்திர சபையின் பக்கம் சேர்ந்தார்கள். அதனால் கோயில் ஒரு தரப்பிடமும் பள்ளி மறு தரப்பிடமும் போயின. எங்கள் வட்டாரச் சபைகளை நட்ட ஆற்காடு மிஷனும் மூப்பர் ஆட்சி மரபைச் சேர்ந்ததுதான். அந்த மிஷனின் சபைகளும் ஸ்காட்லாந்து மிஷனின் சபைகளும் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், அதன் வழியாக 1947இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் ஒன்றாயின. கிர்க் இன்று அதே திருச்சபையின் சென்னைப் பேராயத்தைச் சேர்ந்தது என்பதால், நாங்கள் அங்கே விருந்தாளிகளாக உணரவில்லை.

நாங்கள் கலந்துகொண்ட காலை ஆராதனை ஆங்கிலத்தில் நடந்தது. சித்தப்பாவுக்குப் பிரசங்கம் முழுதும் புரியவில்லை என்றாலும், பாட்டுகளின் ராகம் எங்கள் ஊர்ச் சபையில் பாடுபவையே என்பதால் தமிழ் அடிகளை மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். போகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடாமல், கூட்டம் கலைந்த பின் குவிமாடத்தின் நேர் கீழே சிறிது நேரம் நின்று மேலே பாருங்கள். பிறகு வெளியே வந்து, காலடி மண்ணுக்குள் இருக்கும் கிணறுகளையும் நினைத்துப் பாருங்கள்.