ஆக்சுவரியல் சயின்ஸ், காப்பீட்டுப் பட்டப்படிப்புகள்: கட்டணம் கட்டுமுன் ஒரு மதிப்பீடு

கணிதத்தில் தேர்ந்த பிள்ளைகளுக்குப் பொறியியலை விட்டால் வேறு என்ன வழி என்று தேடும் பெற்றோரின் கண்ணில் இப்போது அடிக்கடி படுவது ஆக்சுவரியல் சயின்ஸ் பட்டப்படிப்பு. இறப்பு, விபத்து போன்ற இடர்களால் வரும் பண இழப்பைக் கணிதத்தால் மதிப்பிடும் வல்லுநருக்கு ஆக்சுவரி என்று பெயர். இந்தியாவில் இப்படிப்பை நாடுவோர் முதலில் அறிய வேண்டியது, பட்டம் மட்டுமே ஒருவரை ஆக்சுவரி ஆக்கிவிடாது என்பதுதான். 2006ஆம் ஆண்டின் ஆக்சுவரிகள் சட்டப்படி, இந்திய ஆக்சுவரிகள் கழகத்தின் ஃபெல்லோ (முழுத் தகுதி பெற்ற) உறுப்பினரே ஆக்சுவரி. ஏசெட் என்னும் நுழைவுத் தேர்வில் தொடங்கி, வேலை பார்த்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் தாள்களை எழுதித்தான் பெரும்பாலோர் அந்த நிலையை அடைகிறார்கள். படித்து முடித்த கையோடு ஆக்சுவரி ஆகலாம் என்று விளம்பரம் செய்யும் கல்லூரியை அந்த ஒரு வரிக்காகவே ஒதுக்கிவிடலாம்.

அப்படியானால் பட்டத்தால் என்ன பயன்? அடித்தளம் உறுதியாகிறது, அது சிறிய பயன் அன்று. கழகத்தின் சிஎஸ்1 தாள் நிகழ்தகவையும் புள்ளியியலையும் சோதிக்கிறது. சிஎம்1 தாள் வட்டிக் கணக்கு, ஆண்டுத்தொகை (குறித்த இடைவெளியில் தொடர்ந்து வழங்கும் தொகை), ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம், பொறுப்புகளுக்கான ஒதுக்கீடு ஆகியவற்றைக் கேட்கிறது. இரண்டிலும் கணினியில் எழுத வேண்டிய பகுதியும் உண்டு: முன்னதற்கு ஆர் என்னும் நிரல்மொழி, பின்னதற்கு எக்செல். எனவே ஆய்வகப் பயிற்சி இல்லாமல் கரும்பலகையோடு நின்றுவிடும் படிப்பு பாதிப் படிப்புதான். சென்னைப் பல்கலைக்கழகம் எம்.எஸ்சி. ஆக்சுவரியல் சயின்ஸைப் புள்ளியியல் துறையில் நடத்துவதை நான் சரியான ஏற்பாடாகவே கருதுகிறேன். வணிகவியல் பட்டத்தில் காப்பீடு பற்றிய ஓரிரு தாள்களைச் சேர்த்து, பெயரை மட்டும் மாற்றி வழங்கும் படிப்புகளில் அந்தக் கணித ஆழம் கிடைப்பது அரிது.

ஒரு பாடத்திட்டத்தின் தரத்தை அறிய நான் முதலில் பார்ப்பது, ஒவ்வொரு வயதிலும் இறப்பதற்கான வாய்ப்பைக் காட்டும் இறப்பு விகித அட்டவணைகளில் எதை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள் என்பதைத்தான். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மனப்பாடமாகிவிடும் ஏஎம்92 அட்டவணை, பிரிட்டனில் 1990களின் தொடக்கத்தில் காப்பீடு பெற்றிருந்தோரின் அனுபவத்திலிருந்து உருவானது. இந்தியக் காப்பீட்டு நிறுவனங்களின் தரவிலிருந்து உருவான ஐஏஎல்எம் 2012-14 அட்டவணை நம்மிடம் இருக்கிறது. ஒரே வயது, ஒரே தவணைக்காலம், ஒரே வட்டி விகிதத்துக்கு இவ்விரண்டிலும் பிரீமியத்தைக் கணக்கிட்டு, விடைகள் ஏன் வேறுபடுகின்றன என்று எழுதச் சொல்லும் ஆசிரியரிடம் படிக்கும் மாணவருக்கு, சூத்திரத்தோடு அதன் பின்னே இருக்கும் மக்களும் தெரிவார்கள். நல்ல துறையையும் பயிற்சி மையத்தையும் பிரித்துக் காட்டுவது இதுவே என்பது என் உறுதியான கருத்து. சேர்க்கைக்கு முன் துறைத் தலைவரிடமே இதைக் கேட்டுவிடலாம்.

இடர் மேலாண்மைத் தாள்கள்தாம் பல இடங்களில் மிகவும் மெலிந்திருக்கின்றன. வரையறைகளும் வகைப்பாடுகளும் பக்கம் பக்கமாக வருகின்றன; நம் ஊர் இடர்கள் வருவதில்லை. 2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவுப் பயிர்களுக்கு விவசாயி செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் காரிஃப் பருவத்தில் அதிகபட்சம் 2 சதவீதம், ராபி பருவத்தில் 1.5 சதவீதம், உண்மையான பிரீமியம் அதைவிடக் கூடும்போது மிகுதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. அந்த உண்மையான பிரீமியத்தை எப்படிக் கணிப்பது, ஒரே புயல் ஒரு வட்டாரம் முழுவதையும் தாக்கும்போது இடரைப் பரவலாக்கும் கொள்கை என்ன ஆகிறது, காப்பீட்டு நிறுவனம் தன் இடரில் ஒரு பகுதியை இன்னொரு நிறுவனத்திடம் காப்பீடு செய்யும் மறுகாப்பீடு எங்கே உதவுகிறது என்பன ஒரு பருவம் முழுவதும் நடத்தத்தக்க பாடங்கள். 2015ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்தையும் இப்படியே வகுப்பறைக்குக் கொண்டுவரலாம்.

கணிதத்தில் அவ்வளவு நாட்டமில்லாமல், காப்பீட்டுத் துறையில் மட்டும் ஆர்வமுள்ள பட்டதாரிகள் ஆக்சுவரியல் படிப்பில் சேர்ந்து அல்லாட வேண்டியதில்லை. புனேயில் உள்ள தேசியக் காப்பீட்டுக் கழகத்தின் இரண்டாண்டு மேலாண்மைப் பட்டயப் படிப்பும், ஐதராபாத்தில் உள்ள காப்பீடு மற்றும் இடர் மேலாண்மை நிறுவனத்தின் படிப்புகளும் அவர்களுக்குப் பொருத்தமானவை. மாறாக, கணிதத்தில் உண்மையான பற்றுள்ள மாணவர் இளநிலையில் நல்ல கல்லூரியொன்றில் புள்ளியியலையே எடுத்துப் படித்து, படிக்கும்போதே ஏசெட் எழுதி, சிஎஸ்1, சிஎம்1 தாள்களைக் கடந்துவிட்டால், அதிகக் கட்டணம் கேட்கும் புதுப் பெயர்ப் பட்டம் அவருக்குத் தேவைப்படாது.