வெண்பன்றிப் பிரசவச் சேவை: எங்கள் பண்ணையில் ஓர் இரவு

நெல்லிக்குப்பத்தை அடுத்துள்ள எங்கள் சிறிய வெண்பன்றிப் பண்ணையில், முதல் ஈற்றுப் பன்றி ஒன்றுக்குப் பிரசவம் பார்ப்பதற்காக, புதுச்சேரியிலிருந்து பண்ணைக்கே வரும் தனியார் கால்நடை மருத்துவர் ஒருவரின் சேவையைச் சென்ற மாதம் பயன்படுத்தினோம். அதற்கு முன்பெல்லாம், பன்றி முக்கத் தொடங்கியதும் கருப்பையைச் சுருங்கவைக்கும் ஹார்மோனான ஆக்சிடோசின் ஊசியை வாங்கி வைத்திருந்து போட்டுவிடுவதே எங்கள் வழக்கம். குட்டிகள் இறந்து பிறந்தால் விதி என்று விட்டுவிடுவோம்.

சினையின் 113ஆம் நாள் பிற்பகல் அவர் வந்தபோது, பன்றி சிமெண்டுத் தரையை மூக்கால் கிளறுவதும், முன்காலால் பறிப்பதும், தடுப்புக் கம்பியைக் கடிப்பதுமாக இருந்தது. எங்கள் பணியாளர் அதை வலி என்றார். மருத்துவரோ அது கூடு கட்டும் வேலை என்றார். சினையைக் காத்துவந்த புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இறங்கி, ஈனுவதற்குத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினும் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினும் ஏறும்போது, ஈனுவதற்கு முந்தைய ஒரு நாளுக்குள் இந்த உந்துதல் தானாகவே எழும் என்றும், கீழே சிமெண்டாக இருந்தாலும் அது அடங்காது என்றும் விளக்கினார். எங்கள் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் கரும்புச் சோகையை அள்ளிவந்தேன். அதன் ஓரம் மடியைக் கீறும் என்று ஒதுக்கிவிட்டு வைக்கோல் கேட்டார். பன்றி அதை வாய் நிறையக் கவ்விச் சென்று மூலையில் குவித்துப் படுத்ததை இத்தனை ஆண்டுகளில் நான் கண்டதில்லை. காண்பதற்கு வைக்கோலே போட்டதில்லை.

ஊசியை அவர் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. கருப்பை வாய் திறக்கும் முன் ஆக்சிடோசின் போட்டால், கருப்பை வழியின்றி இறுகி, தொப்புள்கொடி நசுங்கிக் குட்டிகள் மூச்சுத்திணறி இறக்கும் என்றார். கூட்டமும் இரைச்சலும் இருந்தால் உடலில் தானாகச் சுரக்கும், வலியை மட்டுப்படுத்தும் ஓபியாய்டுகள் தாயின் சொந்த ஆக்சிடோசினையே அடக்கிவிடும் என்று, வேடிக்கை பார்க்க வந்த என் மைத்துனர் உட்பட அனைவரையும் வெளியே அனுப்பினார். (மைத்துனருக்கு இன்னும் வருத்தம்தான்.)

நள்ளிரவுக்குள் 11 குட்டிகள் பிறந்தன. இரண்டாவது குட்டியைத் தாய் உறுமிக் கடிக்கப் பாய்ந்ததும், முதல் ஈற்றில் இது நேர்வதுண்டு என்று கூறி, குட்டிகளைச் சாக்கு விரித்த பெட்டியில் விளக்கு வெப்பத்தில் வைத்திருந்து, ஈன்று முடிந்து தாய் அமைதியான பின் சீம்பாலுக்கு விட்டார். அனைத்தும் பிழைத்தன.

மறுநாள் காம்பைப் பீய்ச்சிப் பார்த்துப் பால் இல்லை என்று பதறினோம். தொலைபேசியில் அவரைப் பிடிக்க மாலையாகிவிட்டது. இந்தச் சேவையில் இது பெரிய குறை. பசுவைப் போலப் பன்றியின் மடியில் பால் தேங்க இடமில்லை, குட்டிகள் முட்டி முட்டி ஆக்சிடோசினைச் சுரக்கவைத்தால்தான் இறங்கும் என்றார். ஏறத்தாழ ஒரு மணிக்கு ஒரு முறை, 20 வினாடி அளவுக்கே அது ஓடும். உட்கார்ந்து கவனித்தேன்: தாயின் உறுமல் வேகமெடுத்துச் சற்று நேரத்தில் குட்டிகள் அசையாமல் உறிஞ்சின.

கட்டணம் 1,500 ரூபாய் என்பது நியாயம். பயணச் செலவு என்று 700 ரூபாயைக் கடைசியில் சேர்த்தது நியாயமில்லை. அடுத்த சினைப்பன்றிக்கும் அவரையே சொல்லி வைத்திருக்கிறேன், பயணச் செலவை முன்னதாகவே பேசி முடித்துக்கொண்டு.