செயின் செட் மாற்றப் போகிறீர்களா? என் 2,350 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்றுக் காலை செம்பட்டி தாண்டியதும், ஓடிக்கொண்டிருந்த பைக்கில் செயின் கழன்று முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடுகிற பல்சக்கரம்) சுருண்டுகொண்டது. பின் சக்கரம் ஒரு நொடி அப்படியே பிடித்துவிட்டது. பின்னால் வத்தலகுண்டு பஸ். அந்த டிரைவர் சட்டென்று ஒடித்துப் போனதால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். செயின் செட் (செயினும் முன், பின் ஸ்ப்ராக்கெட்டுகளும்) மாற்றி முழுசாக ஒரு மாசம் ஆகவில்லை. 1,900 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. கொடுத்த பணம் 2,350 ரூபாய். மாட்டுகிற கூலி 300 தனி.

கடைப் பெயரை எழுதவில்லை. திண்டுக்கல்லில் இருக்கும் பெரிய ஸ்பேர் பார்ட்ஸ் கடை, வாசலிலேயே மெக்கானிக்கை வைத்து மாட்டியும் தருகிற கடை.

என்னுடையது 150 சிசி பைக். வேலைக்காக தினமும் திண்டுக்கல்லுக்கும் வத்தலகுண்டுக்கும் போய் வர 70 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். வண்டியோடு வந்த செயின் 21,000 கிலோமீட்டர் உழைத்தது. ஷோரூமில் கேட்டால் ஸ்டாக் இல்லை, பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளைப் பொறுக்காமல் இந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பேசின விதத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. எடுத்ததும் விற்கவில்லை. பைக்கைக் குனிந்து பார்த்தார். பின் ஸ்ப்ராக்கெட்டின் பல்லை விரலால் எண்ணினார். "சாதா செயின் வேணாம் தம்பி, டெய்லி இவ்வளவு தூரம் ஓடுறீங்க, ஓ ரிங் போட்டுக்கங்க. எழுநூறு ரூவா கூட ஆகும், ஆனா மறந்துரலாம்" என்றார். பெட்டியைப் பிரித்து ஹாலோகிராம் ஸ்டிக்கரை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். "என் மகன் வண்டிக்கும் இதான் போட்டிருக்கேன்" என்றார். மகன் பெயரைச் சொல்லி ஒரு மனுஷன் பேசும்போது சந்தேகப்படத் தோன்றுமா? 2,350 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "பில் போட்டா வரி ஏறும் தம்பி, நான் எங்க ஓடிரப் போறேன்" என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். மேலே 'எஸ்டிமேட்' என்று இருந்தது. அதையும் சரி என்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மாட்டும்போதே கோளாறு கண்ணெதிரே இருந்தது. பின் ஸ்ப்ராக்கெட், சக்கரத்தின் நடுவில் அதை மாட்டுகிற ஹப்பில் உட்காரவில்லை. மெக்கானிக் அரம் எடுத்து நடு ஓட்டையை ராவினார். சரியான பார்ட்டுக்கு எதற்கு அரம்? அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நடு ஓட்டை ஒரு பக்கம் தேய்ந்தால் ஸ்ப்ராக்கெட் மையம் விலகிச் சுற்றும். சக்கரத்தைச் சுற்றினால் செயின் ஒரு இடத்தில் டைட், ஒரு இடத்தில் லூஸ். எப்படி அட்ஜஸ்ட் பண்ணினாலும் நிற்காது.

600 கிலோமீட்டரில் 'கரகர' சத்தம். கடைக்குப் போனேன். "புதுசு அப்படித்தான் இருக்கும், செட் ஆயிரும்." 1,200 கிலோமீட்டரில் செயின் தொங்கியது. மறுபடி போனேன். "ஆயில் போட மாட்டீங்க போல." ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்து லூப் (செயின் ஆயில்) அடிக்கிறவன் நான்! செயினை இறுக்குகிற அட்ஜஸ்டரைக் கடைசி கோடு வரை இழுத்துவிட்டு, அதற்கும் 50 ரூபாய் வாங்கினார்கள்.

நேற்று செம்பட்டியில் ஒரு சின்ன மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அந்த அண்ணன் கழற்றி, செயினை இழுத்துப் பிடித்து ஸ்கேல் வைத்தார். என் வண்டிக்கான 428 சைஸ் செயினில் ஒரு லிங்க் 12.7 மில்லிமீட்டர், அப்படியானால் 20 லிங்க் 254 இருக்க வேண்டும். என்னுடையது 261. அப்புறம் ஒரு லிங்கை உடைத்துக் காட்டினார். ஓ ரிங் என்பது லிங்குகளை இணைக்கிற பின் கம்பிக்கும் அதைச் சுற்றியுள்ள புஷ் குழலுக்கும் நடுவில் கம்பெனியில் வைத்த கிரீஸை வெளியே விடாமல் அடைக்கிற ரப்பர். இதில் ரப்பர் இருந்தது, உள்ளே கிரீஸே இல்லை. பின் கம்பி எலும்பு மாதிரி காய்ந்து, பாதி தேய்ந்திருந்தது. அப்படித் தேய்ந்துதான் செயின் நீண்டிருக்கிறது, நீண்ட செயின் முன் பல்லைக் கொக்கி மாதிரி அரித்திருக்கிறது. பல்லில் அரம் வைத்தார், வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. நல்ல ஸ்ப்ராக்கெட்டின் பல் கடினப்படுத்தியிருக்கும், அரம் வழுக்கும். செயின் தகட்டில் '428' மட்டும் அடித்திருந்தது, கம்பெனி பெயரே இல்லை. கோவையில் ரோலான், சென்னையில் டைமண்ட் என்று செயின் செய்கிற பெரிய கம்பெனிகள் நம் ஊரிலேயே இருக்கும்போது, எனக்கு 2,350 ரூபாய்க்கு இந்தக் குப்பை.

சாயங்காலம் கழற்றின அந்தச் செட்டை எடுத்துக்கொண்டு போய் திண்டுக்கல் கடை மேசையில் வைத்தேன். அதே மனுஷன் என்னை 'சார்' ஆக்கிவிட்டார். "இது எங்க கடைச் சரக்கான்னு எப்படி சார் தெரியும்?" துண்டுச்சீட்டை நீட்டினேன். "இது எஸ்டிமேட் சார், பில் இல்ல." கம்பெனி ஆள் வியாழக்கிழமை வருவார், பேசிக்கோங்க என்றார். எந்தக் கம்பெனி ஆள்? நம்பர் கேட்டால் தரவில்லை. இன்று காலை போன் பண்ணினேன், இரண்டாவது தடவையிலிருந்து எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்தால் முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை, கை நடுங்குகிறது. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பெட்டியைப் பார்க்காதீர்கள், செயின் தகட்டில் கம்பெனி பெயர் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் விலை ஸ்டிக்கருக்குக் கீழே இன்னொரு ஸ்டிக்கர் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள் (என் பெட்டியில் இருந்தது, இன்றைக்குத்தான் உரித்துப் பார்த்தேன்). பழைய ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றிப் புதுசு மேல் வைத்துப் பல், ஓட்டை எல்லாம் ஒத்துப் போகிறதா பாருங்கள். அரம் எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். செயினின் இணைப்பைப் பூட்டுகிற லாக் கிளிப்பின் மூடின பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்க வேண்டும். ஷோரூமில் பத்து நாள் என்றால் பத்து நாள் பஸ்ஸில் போங்கள்.

வியாழக்கிழமை அந்தச் செயினைத் தூக்கிக்கொண்டு மறுபடி போகிறேன். 2,350 ரூபாய் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.