ஜிம்னி: தினமும் ஓட்ட ஸேட்டா போதுமா, ஆல்ஃபா வேண்டுமா?

காடுமேடு ஏறும் வண்டிகளில் வழக்கமாக விலை கூடிய வேரியன்டில்தான் டிஃபரன்ஷியல் லாக் (இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பூட்டு), முரட்டு டயர் எல்லாம் கிடைக்கும். விலை குறைந்ததில் உருவம் மட்டும் மிச்சம். மாருதி சுசுகி ஜிம்னியில் இது தலைகீழ். 2023 ஜூனில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னிக்கு ஸேட்டா, ஆல்ஃபா என்று இரண்டே வேரியன்ட்தான். மண்ணில் இறங்கத் தேவையான ஒன்றுகூட ஸேட்டாவில் குறையவில்லை. ஆல்ஃபாவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முழுக்கத் தார் ரோட்டுக்குத்தான் போகிறது. "நமக்கு எதுக்குங்க காடு, ஆபீஸ் போகத்தானே, சின்ன வேரியன்டே போதும்" என்று ஷோரூமில் சொல்பவர்கள் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலைக்குப் போகிறவருக்கு ஸேட்டா போதும். தினமும் ஓட்டுகிறவர்தான் ஆல்ஃபாவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

முதலில் இரண்டுக்கும் பொதுவானதைப் பார்த்துவிடலாம். லேடர் ஃபிரேம் (ஏணி வடிவ இரும்புச் சட்டம்), முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இறுகிய அச்சு), காயில் ஸ்பிரிங். 1462 சிசி கே15பி பெட்ரோல் இன்ஜின், 105 பிஎஸ், 134 நியூட்டன் மீட்டர். 2ஹெச் (பின்சக்கர இழுவை மட்டும்), 4ஹெச் (நான்கு சக்கர இழுவை), 4எல் (நான்கு சக்கரத்துக்கும் மெதுவான, வலுவான கியர்) என்று கையால் மாற்றும் டிரான்ஸ்ஃபர் லிவர். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றால் அதை மட்டும் பிரேக் பிடித்து எதிர்ச் சக்கரத்துக்கு இழுவையை அனுப்பும் பிரேக் எல்எஸ்டி. தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயரம், 195/80 ஆர்15 டயர், 6 ஏர்பேக், சறுக்கலைத் தடுக்கும் இஎஸ்பி, ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு, இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஹில் டிசென்ட். இவை எல்லாம் இரண்டிலும் ஒன்றேதான். ஒரே கியர்பாக்ஸில் பார்த்தால் இரண்டு வேரியன்டுக்கும் எடையில் 5 கிலோதான் வித்தியாசம்.

ஆல்ஃபாவில் கூடுவது இவ்வளவு: எல்.இ.டி. ஹெட்லைட், அதற்குத் தண்ணீர் பீய்ச்சும் வாஷர், ஃபாக் லேம்ப், தானாக எரியும் வசதி, அலாய் வீல், ஆட்டோ ஏசி, க்ரூஸ் கன்ட்ரோல், புஷ் ஸ்டார்ட், 7 அங்குலத்துக்குப் பதில் 9 அங்குலத் திரை, கரும்பச்சைக் கண்ணாடி, தோல் சுற்றிய ஸ்டீயரிங், பாடி நிறத்தில் கதவுக் கைப்பிடி.

இப்போது விலை. அறிமுகமானபோது எக்ஸ் ஷோரூம் விலை ஸேட்டா மேனுவல் 12.74 லட்சம், ஆல்ஃபா மேனுவல் 13.69 லட்சம், ஸேட்டா ஆட்டோமேட்டிக் 13.94 லட்சம், ஆல்ஃபா ஆட்டோமேட்டிக் 14.89 லட்சம். அதன்பின் விலை ஏறி இறங்கியிருக்கிறது. இன்றைய பட்டியலை டீலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வரிசையே ஒரு செய்தி சொல்கிறது. வேரியன்டுக்கு 95,000, கியர்பாக்ஸுக்கு 1.20 லட்சம். அதாவது ஆல்ஃபா மேனுவலுக்கும் ஸேட்டா ஆட்டோமேட்டிக்குக்கும் இடையில் வெறும் 25,000. பதினான்கு லட்சத்தோடு வருகிறவர் முன்னால் நிற்கும் உண்மையான கேள்வி இதுதான்: நல்ல வெளிச்சமா, கிளட்ச் இல்லாத காலா? சாலை வரியும் இன்ஷூரன்ஸும் வண்டி விலையைப் பொறுத்தே ஏறுவதால், ஆன் ரோடு விலையில் இந்த இடைவெளிகள் இன்னும் கொஞ்சம் விரியும். நான்கு மீட்டருக்குள் இருப்பதால் சின்னக் காருக்கான ஜிஎஸ்டி கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பெட்ரோல் இன்ஜின் 1200 சிசியைத் தாண்டிவிட்டதால், 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகும் இது 40 சதவீதப் பிரிவில்தான் வருகிறது.

ஹெட்லைட்டிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் 95,000-க்கு உண்மையான நியாயம் அங்கேதான் இருக்கிறது. ஸேட்டாவில் இருப்பது மல்டி ரிஃப்ளெக்டர் ஹாலஜன். தெருவிளக்கு உள்ள ஊருக்குள் அதில் எந்தக் குறையும் தெரியாது. நான்கு வழிச்சாலையில் சென்டர் மீடியன் செடி இல்லாத இடங்களிலோ, விளக்கே இல்லாத மாவட்டச் சாலைகளிலோ, மழையில் தார் கறுத்துப்போன பிறகோதான் அதன் எல்லை தெரியும். எதிர் வண்டியின் வெளிச்சத்தில் கண் கூசும் அந்த இரண்டு விநாடியில் இடதுபக்கம் நடந்துபோகிறவரும், பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லரும் மறைந்துபோவார்கள்.

இதைச் சரிசெய்ய பலரும் செய்வது, ஸேட்டாவை வாங்கிவிட்டு ஹாலஜன் ஹோல்டரில் ஒரு எல்.இ.டி. பல்பைச் செருகுவது. செய்யாதீர்கள். ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் ஹாலஜன் இழை இருக்கும் அந்த ஒரு புள்ளிக்காக வடிவமைக்கப்பட்டது. எல்.இ.டி. சிப் பல்பின் இரு பக்கமும் ஒட்டியிருப்பதால் ஒளி வேறு இடத்திலிருந்து கிளம்புகிறது. லோ பீம் ஒளியின் மேல் எல்லையான வெட்டுக்கோடு கலைந்து சிதறுகிறது. வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் வெள்ளையாகப் பளிச்சிடும், தூரத்தில் ஒன்றும் விழாது, எதிரே வருகிறவருக்குக் கண் குருடாகும். அதிக வாட் ஹாலஜன் போட்டாலும் சிக்கல்தான்: ரிலே இல்லாமல் போட்டால் பல்பின் வயர் இணைப்பான கப்ளர் உருகும், ரிலே வைத்தாலும் ரிஃப்ளெக்டர் பூச்சு நாளடைவில் மங்கும், விதிக்கும் புறம்பு. ஸேட்டாவிலேயே இருக்க வேண்டுமென்றால் நேர்மையான வழி, அனுமதிக்கப்பட்ட வாட்டில் நல்ல பிராண்டு பல்பு, லைட் உயரத்தை ஒருமுறை சுவரில் வைத்துச் சரிபார்ப்பது, பம்பரில் தாழ்வாக ஒரு ஜோடி ஃபாக் லேம்ப். அதற்கு மேல் அதில் வேறு வழியில்லை.

ஹெட்லைட் வாஷர் நம் ஊருக்கு எதற்கு என்று தோன்றும். 2000 லூமனுக்கு மேற்பட்ட ஒளி மூலத்துக்கு வாஷர் வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அந்த வழியில் வந்த பொருள் இது. ஆனால் மழைக்காலத்தில் லாரிக்குப் பின்னால் சேற்றுத் தெளிப்பில் ஒரு மணி நேரம் ஓட்டினால் இதன் அருமை புரியும். வாஷர் தண்ணீர் மட்டும் சீக்கிரம் தீரும். பெட்ரோல் போடும்போது அதையும் பார்த்து நிரப்புங்கள்.

ஏசி விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். ஆட்டோ ஏசி என்பதால் அதிகம் குளிராது. டிகிரியை வைத்துவிட்டால் ஃபேன் வேகத்தை அதுவே கூட்டிக் குறைக்கும், அவ்வளவுதான். ஜிம்னியில் வெயிலைக் கடுமையாக்குவது நிமிர்ந்து நிற்கும் கண்ணாடிகள். பின்சீட்டுக்கு ஏசி வென்ட் இரண்டு வேரியன்டிலும் இல்லை. அதனால் ஆல்ஃபாவின் கரும்பச்சைக் கண்ணாடி, சென்னை, வேலூர், திருச்சி வெயிலில் ஆட்டோ ஏசியைவிட அதிகம் உதவும். ஸேட்டாவில் ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாம் என்பவர்கள் முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் ஒளி உள்ளே வர வேண்டும் என்ற விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சிறிய விஷயங்கள். 9 அங்குலத் திரை அழகு. 7 அங்குலத்திலும் ரிவர்ஸ் கேமரா படம் தெளிவாகவே தெரிகிறது. திரையையும் ஸ்பீக்கரையும் பின்னால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அலாயும் அப்படியே. வீல் நட் துளைகளின் அளவான பிசிடி 5 x 139.7, மாருதியின் பழைய ஜிப்சியின் அளவுதான் என்பதால் வீல் கிடைப்பது கஷ்டமில்லை. ஸேட்டாவின் இரும்பு வீல் நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம், அலாய் விரிசல் விட்டால் போச்சு என்ற வாதம் உண்மைதான். ஆனால் இந்த டயரின் பக்கச்சுவர் 156 மில்லிமீட்டர். அவ்வளவு ரப்பர் இருக்கும்போது ஊருக்குள் பள்ளத்தில் விழுந்து ரிம் அடிபடுவது அபூர்வம். க்ரூஸ் கன்ட்ரோலும் புஷ் ஸ்டார்ட்டும் ஆட்டோ ஏசியும் பின்னால் சேர்க்க முயலக்கூடாதவை. வயரிங் ஹார்னஸை வெட்டினால் வாரன்டி கேள்விக்குள்ளாகும்.

கியர்பாக்ஸ்தான் இரண்டாவது பெரிய முடிவு. மேனுவல் ஐந்து கியர். ஐந்தாவதிலும் 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் மூவாயிரம் சுற்றை ஒட்டி ஓடும், அதனால் நெடுஞ்சாலையில் ஆறாவது கியருக்குக் கை போகும். ஆட்டோமேட்டிக் நான்கே கியர் கொண்ட பழைய பாணி டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும்) வகை. இந்தக் காலத்தில் நான்கு கியரா என்று ஒதுக்க வேண்டாம். நான்காவது ஓவர்டிரைவ், அதாவது இன்ஜின் சுற்றைக் குறைக்கும் உயர் கியர் என்பதால் நிதானமாக ஓட்டும்போது இன்ஜின் மேனுவலைவிட அமைதியாக இருக்கும். குறை தெரிவது ஓவர்டேக்கில். காலை அழுத்தினால் கியர்களுக்கிடையிலான இடைவெளி பெரிதாக இருப்பதால் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும். மலை இறக்கத்தில் டியிலேயே விட்டுவிட்டு பிரேக்கில் காலை வைத்தபடி இறங்குவதுதான் பெரிய தவறு. ஓவர்டிரைவை அணைத்து, செங்குத்தான வளைவுகளில் 2-க்கு மாற்றி இறங்குங்கள். பிரேக் சூடாகாது. அறிவிக்கப்பட்ட மைலேஜ் மேனுவலுக்கு 16.94, ஆட்டோமேட்டிக்குக்கு 16.39, நெரிசலில் இரண்டுமே இதைவிட நன்றாகக் குறையும். டேங்க் 40 லிட்டர்தான்.

எந்த வேரியன்ட் எடுத்தாலும் மாறாதவை சில. தினசரி ஓட்டத்தில் ஏமாற்றம் தருவது பெரும்பாலும் இவைதான். வண்டியின் அகலம் 1645 மில்லிமீட்டர். திருவல்லிக்கேணிச் சந்துகளுக்கும் மதுரை மாசி வீதிகளின் கிளைத் தெருக்களுக்கும் இவ்வளவு பொருத்தமான நால்சக்கர இழுவை வண்டி வேறு இல்லை. ஆனால் திருப்பும் ஆரம் 5.7 மீட்டர், ஸ்விஃப்ட்டுக்கு 4.8. சந்துக்குள் சுலபமாக நுழையும், திரும்பி வெளியே வர ஒரு ரிவர்ஸ் கூடுதலாகத் தேவைப்படும். ஸ்டீயரிங் ரீசர்குலேட்டிங் பால் வகை. வளைவு முடிந்ததும் தானாகச் சுறுசுறுப்பாக நடுவுக்கு வராது, கையால் கொண்டுவர வேண்டியிருக்கும். இருக்கை நான்கு பேருக்குத்தான். ஐந்து பேர் குடும்பம் என்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்கு வேண்டாம். பூட் 208 லிட்டர். பின்கதவு பக்கவாட்டில் திறப்பதால் சுவரை ஒட்டி ரிவர்ஸில் நிறுத்தினால் பையை எடுக்க முடியாது.

வண்டி தூக்கிப்போடுகிறது என்ற புகாரில் பாதிக்குக் காரணம் காற்று. பங்க்சர் கடையில் கேட்காமலே 35 பிஎஸ்ஐ ஏற்றிவிடுவார்கள். எடை குறைந்த இந்த வண்டிக்கு அது அதிகம். ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவைக் குளிர்ந்த டயரில் நிரப்புங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். இன்னொன்று, குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் கிடுகிடுவென ஆடுவது. ரிஜிட் முன் ஆக்ஸில் வண்டிகளின் பொது நோய் இது. முதலில் வீல் பேலன்ஸ், பிறகு முன்சக்கரம் திரும்பும் மூட்டிலுள்ள கிங்பின் பேரிங், ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் டிரெய்லிங் ஆர்மின் ரப்பர் புஷ் என்ற வரிசையில் பாருங்கள். ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டாம்பரை மட்டும் மாற்றினால் ஆட்டம் மறையும், காரணம் உள்ளேயே இருக்கும். வெளியே துருத்தும் வீலும் கனமான டயரும் போட்ட வண்டிகளில் இது சீக்கிரம் வரும். பெரிய டயர் வேண்டுமென்றால் 215/75 ஆர்15-உடன் நிறுத்திக்கொள்வது நல்லது. விட்டம் 10 மில்லிமீட்டர்தான் கூடும்.

ஆபீஸ் வண்டியாக ஓடும் ஜிம்னியில் 4ஹெச்-ஐ மறந்தே போவார்கள். மாதம் ஒருமுறை மண் பாதையிலோ நனைந்த நேர்ச்சாலையிலோ சில கிலோமீட்டர் போட்டு ஓட்டுங்கள். முன்சக்கர ஹப் வெற்றிட இழுவையால் பூட்டிக்கொள்ளும் வகை. குழாயில் கசிவு இருந்தால் அப்போதுதான் தெரியும், தேவைப்படும் நாளில் தெரிந்தால் பயனில்லை. காய்ந்த தார் ரோட்டில் 4ஹெச் கூடாது. முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது என்பதால் திரும்பும்போது முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து முறுக்கிக்கொள்ளும். 4எல் போடுவதற்கு வண்டியை நிறுத்தி, மேனுவலில் கிளட்சை மிதித்து, ஆட்டோமேட்டிக்கில் நியூட்ரலில் வைத்து மாற்ற வேண்டும். மழை வெள்ளத்தில் ஆக்ஸில் முழுகும் அளவுக்கு ஓட்டியிருந்தால் அந்த வாரமே இரண்டு டிஃபரன்ஷியல் ஆயிலையும் திறந்து பாருங்கள். பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்றிவிட வேண்டும்.

எதை எடுப்பது? தினமும் சென்னை ஓஎம்ஆர் போன்ற நெரிசலில் ஒன்றரை மணி நேரம், இரவில் ஊரைத் தாண்டுவதே இல்லை என்றால் ஸேட்டா ஆட்டோமேட்டிக். அந்த ஓட்டத்தில் கால் வலிதான் பெரிய செலவு. பொள்ளாச்சி, தேனி, தென்காசி மாதிரி இடங்களில் இருந்துகொண்டு விளக்கில்லாத சாலையில் இரவு வீடு திரும்புகிறவர் ஆல்ஃபா மேனுவலை எடுக்கட்டும். அறிமுக விலைப்படி ஸேட்டா ஆட்டோமேட்டிக்கைவிட 25,000 குறைவாகவும் முடியும். பண்ணை, எஸ்டேட் வேலைக்குப் பகலில் மட்டும் ஓடும் வண்டிக்கு ஸேட்டா மேனுவலுக்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை. இரண்டு பயன்பாடும் கலந்து, பத்து வருடம் வைத்திருக்கப்போகிறவர் ஆல்ஃபா ஆட்டோமேட்டிக்குக்கு நீட்டலாம். அந்தத் தொகையைச் சேர்க்க, டீலர் பட்டியலிலுள்ள சைடு ஸ்டெப், பாடி கிளாடிங், குரோம் இவற்றை வெட்டுங்கள். சைடு ஸ்டெப் 210 மில்லிமீட்டர் உயரத்தையும் தின்னும்.

முன்பணம் கட்டுவதற்கு முன், டெஸ்ட் டிரைவை மாலை ஏழு மணிக்குமேல் கேளுங்கள். டெமோ வண்டி ஆல்ஃபாவாக இருந்தால், யார்டில் நிற்கும் ஒரு ஸேட்டாவைச் சுவரைப் பார்த்து நிறுத்தச் சொல்லி, லோ பீம் போட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள்.