மறைந்திருக்கும் குளிர்சாதனப் பெட்டியா, கண்ணில் படும் பெட்டியா?

ஆடம்பரச் சமையலறைக்குக் குளிர்சாதனப் பெட்டி தேடுவோர் முன் இரண்டு வழிகள் உள்ளன. அலமாரிக் கதவைப் போன்ற பலகையை முகப்பில் பொருத்தி, இருப்பதே தெரியாமல் சுவரோடு அடங்கிவிடும் பெட்டி ஒன்று. தனித்து நின்று, தன் நிறத்தாலும் வளைவாலும் அறைக்கே அழகு சேர்க்கும் பெட்டி மற்றொன்று. முதல் வகைக்கு 1945இல் அமெரிக்காவில் தொடங்கிய சப்-ஜீரோவும், இரண்டாவதற்கு 1948இல் இத்தாலியில் தொடங்கிய ஸ்மெக்கும் பெயர் பெற்றவை.

சப்-ஜீரோவின் பல மாதிரிகளில் குளிர்பகுதிக்கும் உறைபகுதிக்கும் தனித்தனிக் கம்ப்ரஸர்கள் உள்ளன. இரண்டின் காற்றும் கலப்பதில்லை என்பதால், கீரை எளிதில் உலர்ந்து வாடுவதில்லை. மீனின் வாடை ஐஸ்கிரீமில் ஏறுவதுமில்லை. அன்றாடம் சமைப்பவருக்கு இது அழகைவிடப் பெரிய வரம் என்றே கருதுகிறேன். ஆனால் மரவேலையில் சிறிது அளவு பிசகினாலும் கதவு அடுத்த பலகையில் உரசும். வெப்பம் வெளியேறும் வழியை அடைத்துவிட்டால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். பின்னாளில் பெட்டியை மாற்ற நேர்ந்தால் அலமாரியையும் மாற்ற வேண்டியிருக்கலாம்.

ஸ்மெக்கின் எஃப்ஏபி 28 சுமார் 60 செ.மீ. அகலமுடையது. பளபளக்கும் நீண்ட கைப்பிடியைப் பற்றி அதன் ஒற்றைக் கதவைத் திறந்தால், மேலே சிறிய உறைபெட்டி மட்டுமே இருக்கும். பெரிய குடும்பத்துக்கு அது போதாது. எனினும் வாடகை வீட்டில் இருப்பவருக்கு இதையே பரிந்துரைப்பேன். வீடு மாறும்போது அதுவும் உடன் வந்துவிடும்.