11.75 தட்டு இட்லி: கணக்கு எழுதும் ஏஐ செயலி பற்றி

தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் நாலாவது, ஐந்தாவது படிக்கும் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வாக்கியக் கணக்குகளைத் தமிழிலேயே எழுதித் தரும் ஏஐ செயலி ஒன்றுக்கு மாதச் சந்தா கட்டியிருக்கிறேன். வேகத்தைக் குறை சொல்ல முடியாது. போர்டைத் துடைப்பதற்குள் பத்துக் கணக்கு வந்துவிடும்.

விடைகள்தான் வம்பு. "ஒரு தட்டில் 4 இட்லி வைக்கலாம், 47 இட்லிக்கு எத்தனை தட்டு வேண்டும்?" என்ற கணக்குக்கு அது தந்த விடை 11.75. வீட்டில் இட்லி வியாபாரம் பார்க்கும் பிள்ளை ஒருத்தி, "முக்கால் தட்டு எந்தக் கடையில மிஸ் கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டாள். மீதி 3 இட்லிக்கும் ஒரு தட்டு வேண்டுமே, ஆக 12. வகுத்தலில் பிள்ளைகள் தடுமாறுவதே இந்த மீதியில்தான். செயலியும் அங்கேயே வழுக்குகிறது.

இன்னொரு கணக்கில் சயானில் ஏறியவர்கள் அதே ரயிலில் மாஹிமில் இறங்கினார்கள். சயான் சென்ட்ரல் லைன், மாஹிம் வெஸ்டர்ன் லைன். தாதரில் மாறாமல் எப்படி? மும்பைப் பிள்ளைகள் இதையெல்லாம் விடுவார்களா!

இந்த மாதிரி செயலிக்குள் இருக்கும் மொழி மாடல் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துத்தான் எழுதுகிறது. தட்டும் ரயிலும் அதற்கு வெறும் சொற்கள். "மீதி வரட்டும், விடை முழு எண்ணாக இருக்கட்டும்" என்று தெளிவாகச் சொன்னால் ஓரளவு நன்றாகவே எழுதுகிறது.

கணக்கு எடுக்கும் ஆசிரியர்கள் தாராளமாக வாங்கலாம். பிள்ளை கையில் நேராகக் கொடுக்காதீர்கள். விடைத்தாளும் சேர்ந்தே வரும். அதை நான் அச்செடுப்பதில்லை.